பூம்பாறைப் பள்ளத்தாக்கில் குழந்தை வேலப்பர் தரிசனம்

சிங்கப்பூரில் முருகனை வழிபட்டு வளர்ந்தவர்களுக்கு மலை என்பது பெரும்பாலும் பாட்டில் கேட்ட பொருளாகவே இருக்கிறது. நம் தீவின் மிக உயரமான இடமாகிய புக்கிட் தீமா குன்றே கடல்மட்டத்திலிருந்து 163 மீட்டர்தான். நகரத்தார் 1859இல் எழுப்பிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் நின்று "பழனிமலை ஆண்டவனுக்கு அரோகரா" என்று முழங்கும்போது நம் கண் எதிரே தெரிவதெல்லாம் அடுக்குமாடிக் கட்டடங்கள். அதனால் பக்தி குறைந்துவிடவில்லை. கடல் தாண்டி வந்த முன்னோர்கள் மலையைத் தூக்கி வர இயலாமல் மலைக்குரிய தெய்வத்தைக் கொண்டுவந்தார்கள் என்றே நான் எண்ணி வந்திருக்கிறேன். ஆயினும் அந்தத் தெய்வத்தை அதற்குரிய நிலத்தில், பனிக்கும் பயிருக்கும் நடுவே ஒருமுறையேனும் காண வேண்டும் என்ற ஆவல் நெடுநாளாக இருந்தது. அதை நிறைவேற்றி வைத்த ஊர், கொடைக்கானல் மேல்மலையிலுள்ள பூம்பாறை.

திருச்சிராப்பள்ளிக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து பழனி வந்து, 693 படிகளும் ஏறித் தண்டாயுதபாணியைத் தரிசித்த பிறகு மலைப்பாதையில் மேலே செல்வது என்று அத்தையும் நானும் முன்பே முடிவு செய்திருந்தோம். நம்மவர்களில் பெரும்பாலோர் பழனியோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. பழனிக்கோயில் அமைந்துள்ள குன்று தரையிலிருந்து 150 மீட்டர் அளவே உயர்ந்தது. அதன் பின்புறம் சுவராக எழுந்து நிற்கும் பெரிய மலைத்தொடர் முழுவதுமே முருகனுடைய நாடு. குன்றுதோறாடல் என்று ஆறுபடை வீடுகளுள் ஒன்றாகப் பெரியோர் வைத்ததன் பொருத்தத்தை அந்தத் தொடருக்குள் நுழைந்த பின்னரே முழுமையாக உணர முடிகிறது.

பழனியிலிருந்து கொடைக்கானல் வரை உள்ள 64 கிலோமீட்டர் பாதையில், வெப்பமான சமவெளி மெல்ல மெல்லக் கைவிட்டுப் போகிறது. இம்மலைத்தொடரின் கீழ்மலைச் சரிவுகளில்தான் விருப்பாச்சி வாழை விளைகிறது. பழனிப் பஞ்சாமிர்தம் கெட்டுப்போகாமல் நாள்பட இருப்பதற்கு நீர்ப்பசை குறைந்த இந்த மலைவாழைப்பழமே முதற்காரணம் என்பார்கள். அப்பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாண்டிக்குடி, பெருமாள்மலை வட்டாரங்களில் இறந்தோருக்காகக் கற்பலகைகளால் எழுப்பிய பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன என்பதால், இந்தக் காடுகளில் மனிதர் வாழ்ந்து, இறந்தோரை மதித்துப் போற்றிய வரலாறு மிகப் பழையது. பாதை உயர உயரக் குளிர் உறைத்தபோது, அத்தை சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "மயிலுக்கே போர்வை கொடுத்தானே பேகன், அந்த மலை இதுதானேடா?" என்று கேட்டார். ஆம், வையாவிக் கோப்பெரும் பேகன் ஆண்டது பழனியைச் சூழ்ந்த இந்த நாட்டைத்தான். பள்ளியில் கடையெழு வள்ளல்களின் பெயர்களை மனப்பாடமாக ஒப்பித்தபோது தோன்றாத நெருக்கம், அந்தக் குளிரில் அவனிடம் தோன்றியது.

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவரை வணங்கினோம். இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார், ஐரோப்பிய வழியில் பிறந்து சைவ நெறியை ஏற்றுக்கொண்ட லீலாவதி அம்மையார் 1936இல் அமைத்த கோயில் அது. வானம் தெளிவாக இருந்தால் கோயில் வளாகத்திலிருந்து பழனிக்குன்று தெரியும் என்றார்கள். நாங்கள் சென்ற நேரம் பனிமூட்டம் விலகவில்லை. குறிஞ்சி மலர் 2018இல் பூத்தது, இனி 2030இல்தான் பூக்கும் என்பதால் அதையும் மனத்தில் வைத்தே கும்பிட்டோம்.

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் சென்றால் பூம்பாறை. ஊருக்குச் சற்று முன்னர் சாலை ஒரு வளைவில் திரும்புகிறது. அங்கே வண்டியை நிறுத்திய ஓட்டுநர், "இறங்கிப் பாருங்கம்மா, இங்கிருந்து பார்த்தாத்தான் ஊரோட அழகு தெரியும்" என்றார். ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், நாற்புறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கின் நடுவே, ஒன்றையொன்று ஒட்டிய ஓட்டு வீடுகளும் தகரக் கூரை வீடுகளும் நெருக்கமாக அமர்ந்திருந்தன. வீடுகளைச் சுற்றிச் சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டப்பட்ட வயல்கள். மண்ணைக் கல்லடுக்கால் தாங்கி, மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடாமல் ஒவ்வொரு படியிலும் தங்கிச் செல்லும்படி அமைத்த வயல்கள் அவை. ஒரு படியில் கேரட்டின் மெல்லிய தழை, அடுத்த படியில் உருளைக்கிழங்கு, அதற்கும் கீழே பூண்டின் நீலம் கலந்த பச்சை, இடையில் அப்போதுதான் கொத்திவிட்ட செம்மண் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறம் இருந்தது. எந்திரம் இறங்க இயலாத அந்தக் குறுகிய படிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் திருத்தி வைத்திருக்கிறார்கள். குன்னுவர் எனப்படும் மலை வேளாண் மக்கள், பல நூற்றாண்டுகளுக்கு முன்பு சமவெளியிலிருந்து இந்த மலைகளில் குடியேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. ஊரைச் சூழ்ந்த உயரங்களில் எஞ்சியிருக்கும் சோலைக்காடுகள்தாம் மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து, வறண்ட மாதங்களிலும் ஓடைகளில் சிறிது சிறிதாக விடுகின்றன. காடு இல்லையேல் படிவயல் இல்லை. படிவயல் இல்லையேல் இந்த ஊரும் இல்லை.

குழந்தை வேலப்பர் கோயில் ஊரோடு ஊராக, வீடுகளுக்கு அருகிலேயே இருக்கிறது. சேரர் காலத்துத் திருப்பணி என்று கோயில் மரபு கூறுகிறது. இன்று அது பழனித் தேவஸ்தானத்தின் உபகோயில்களுள் ஒன்று. பழனி மூலவரை ஒன்பது பாஷாணங்களின் கலவையாகிய நவபாஷாணத்தால் அமைத்த போகர் சித்தரே இங்குள்ள மூர்த்தியையும் அமைத்தார் என்பது அடியார்களின் நம்பிக்கை. பத்துப் பொருள்கள் சேர்ந்த தசபாஷாணம் என்று சொல்வாரும் உண்டு. கல்தரையின் குளிர் உள்ளங்காலில் ஏறி முழங்காலைத் தொட்டது. கருவறையில் விளக்கொளி மட்டுமே. அர்ச்சகர் தீபாராதனைத் தட்டை மெல்ல மேலே உயர்த்தியபோது, சந்தனக் காப்புக்கிடையே அந்தச் சிறிய திருமுகம் தெளிவாகத் தெரிந்தது. கையில் தண்டேந்தித் துறவு பூண்டு நிற்பவனைப் பழனியில் கண்டுவிட்டு வந்த கண்ணுக்கு, இங்கே அவன் ஒரு வீட்டுப் பிள்ளையாகத் தோன்றினான். அத்தை வாய்விட்டு அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

குழந்தை என்ற திருப்பெயருக்கு ஊரார் சொல்லும் வரலாறு அருணகிரிநாதரோடு தொடர்புடையது. தலந்தோறும் திருப்புகழ் பாடிச் சென்ற அவர் இங்கு வந்து இரவில் உறங்கிக்கொண்டிருந்தபோது, அவரைக் கொல்லும் நோக்குடன் ஓர் அரக்கி நெருங்கினாளாம். அப்போது முருகன் ஒரு குழந்தையாக அவர் அருகே தோன்ற, தாயும் சேயும் படுத்திருப்பதாக எண்ணி அவள் கொல்லாமல் திரும்பிப் போய்விட்டாள் என்பது கதை. காவலுக்கு வேல் ஏந்தி நிற்காமல் குழந்தையாய் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்ட அந்தக் கருணையை நினைக்குந்தோறும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. கொல்ல வந்தவளின் உள்ளத்திலும் தாய்மைக்கு ஓர் இடம் இருந்ததை அவன் அறிந்திருந்தான். அருணகிரியார் இத்தலத்தைப் பூம்பறை என்று தம் திருப்புகழில் பாடி வைத்திருப்பதால், நெடுந்தொலைவு நடந்து இந்த மலை ஏறி வந்தவர்களின் வரிசையில் அவரும் ஒருவர்.

கோயிலிலிருந்து வெளியே வந்து தெருவில் நடந்தபோது ஒரு வீட்டுத் திண்ணையில் மூதாட்டி ஒருவர் பூண்டைத் தாளோடு சேர்த்துக் கற்றை கட்டிக்கொண்டிருந்தார். விரல் இடுக்கில் தாள்களை வாரி எடுப்பதும், நாரை இரண்டு சுற்றுச் சுற்றிப் பல்லால் கடித்து இறுக்குவதும், முடிச்சை அழுத்தி ஓரமாக வைப்பதும் ஒரே ஓட்டமாக நடந்தன. உள்ளே அடுப்புக்கு மேலே அதே போன்ற கற்றைகள் வரிசையாகத் தொங்கி, புகை பட்டுப் பழுப்பேறியிருந்தன. புகை ஏறிய பூண்டு நாள்பட இருக்கும், பூச்சி அண்டாது, விதைக்கும் ஆகும் என்றார் அவர். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் 2019இலேயே புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் மருந்துக் குணமும் மிக்க அந்தப் பூண்டு மலையிலிருந்து இறங்கிப் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது. தேக்கா சந்தையில் சீனப் பூண்டையே வாங்கிப் பழகிய எங்களுக்கு அதன் மணமே புதிது.

அவர் ஒரு கற்றையை அத்தையிடம் நீட்டினார். யாத்திரை முடியும் வரை விரதம் என்பதால் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை என்று அத்தை தயங்கியபடி சொன்னார்.

"விரதம் முடிஞ்சு சாப்பிடுங்க தாயி. இதையும் வேலப்பன்தானே வெளைய வைக்கிறான்" என்றார் மூதாட்டி.

அத்தை உடனே இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வயலும் கோயிலும் வெவ்வேறு என்ற எண்ணமே அந்த மூதாட்டிக்கு இல்லை. விதை, மழை, பனி, விலை, பேரப்பிள்ளையின் படிப்பு எல்லாவற்றையும் அவர் அந்த ஒரு குழந்தையிடமே சொல்லி வைத்திருந்தார்.

போக விரும்புவோர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்கள் கொடைக்கானலுக்குள் செல்ல இணையவழி அனுமதிச்சீட்டு பெற வேண்டும்; வெளிநாட்டிலிருந்து செல்வோர் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு பதிவு செய்யலாம். காலையிலேயே கொடைக்கானலிலிருந்து புறப்பட்டுவிடுவது நல்லது. பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பள்ளத்தாக்கே மறைந்துவிடும். நெகிழிக் குப்பியையும் பையையும் மலைக்குக் கொண்டு செல்லாதிருப்பதையும் நான் வழிபாட்டின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

இக்கோயிலின் பெருந்திருவிழா தைப்பூசத்தை அடுத்து வரும் தேரோட்டம். சமவெளியில் தேருக்கு முன்புறம் மட்டுமே வடம் கட்டி இழுப்பார்கள். பூம்பாறைத் தெருக்களோ ஏற்றமும் இறக்கமுமானவை. அதனால் தேரின் முன்னும் பின்னும் வடம் கட்டி, முன்னே நிற்போர் இழுக்க, பின்னே நிற்போர் தேர் சரிவில் தானாக ஓடிவிடாமல் பிடித்து நிறுத்துகிறார்கள். மேல்மலைக் கிராமங்களிலிருந்தெல்லாம் மக்கள் அதற்காகத் திரண்டு வருகிறார்கள். தேர் நிலையைக் காட்டி ஓர் உள்ளூர்ப் பெரியவர் இதை விளக்கியபோது, "முன்வடம் இழுக்க என் வயசுக்கு முடியாது, பின்வடத்தைப் பிடிக்க விடுவீங்களா?" என்று அத்தை கேட்டார். பின்வடத்துக்குத்தான் கால் ஊன்றி நிற்கும் திடம் அதிகம் வேண்டும், ஆனால் கை வைக்கிறவர்களை யாரும் தடுப்பதில்லை, தையில் வாருங்கள் என்றார் அவர். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடம் எடுத்து முடித்த கையோடு திருச்சிக்குப் புறப்படுவது என்று அத்தை அங்கேயே வேண்டிக்கொண்டுவிட்டார். நானும் உடன் செல்வதாக இருக்கிறேன்.