பாபநாசம் நூத்திப் பதினேழு

காலை ஆறரைக்குப் போன் அடித்தால் அது மாமாதான். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "ஏட்டி, பாபநாசம் நூத்திப் பதினேழு. மணிமுத்தாறு எண்பதத் தாண்டல." வைத்துவிடுவார். பாபநாசம் அணை நிறைய 143 அடி, மணிமுத்தாறு அணை நிறைய 118 அடி என்பதெல்லாம் எனக்கு வாய்ப்பாடு மாதிரி. தாம்பரத்தில் மூன்றாவது மாடியில் இருப்பவளுக்கு அணை மட்டம் எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான்.

மாமா, அம்மாவுக்கு நேர் இளையவர். பத்தமடைப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வயல். எனக்குக் காது குத்தியபோது என்னை மடியில் வைத்துக்கொண்டு என்னைவிட அதிகம் அழுதாராம். (எல்லா வீட்டிலும் தாய்மாமாவைப் பற்றி இப்படி ஒரு கதை உண்டு. நான் முழுசாக நம்புவதில்லை.) அல்வா அவருக்குப் பிடிக்காது. "பல்லுல ஒட்டுது" என்பார்.

2019 கோடையில் சென்னையே குடத்தோடு லாரிக்காகக் காத்துக்கிடந்தது. எங்கள் அடுக்ககத்தில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் தண்ணீர். பேச்சுவாக்கில் மாமாவிடம் சொல்லிவிட்டேன். "தண்ணிய வெலைக்கா வாங்குதிய?" என்று கேட்டவர், அப்புறம் பேசவில்லை. மூன்றாம் நாள் விடிகாலை தாம்பரம் ஸ்டேஷனில் இருந்து போன். நெல்லை எக்ஸ்பிரஸில் இருபது லிட்டர் கேன் இரண்டோடு வந்து இறங்கியிருந்தார். சேரன்மகாதேவியில் ஆற்றில் இறங்கிப் பிடித்த தண்ணீர். மாற்றுவேட்டி ஒன்று தவிர வேறு சாமான் கிடையாது. "இதுல சோறு வச்சுப் பாரு" என்றார். வைத்தேன். சொதியும் வைத்தேன். ருசியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், "ஆமா மாமா, ஊர்ச்சோறு மாதிரியே இருக்கு" என்றேன். அன்று ராத்திரி வண்டிக்கே காலி கேன்களோடு கிளம்பிவிட்டார். கேன் இரவல் வாங்கினதாம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு நாள் அவர் போன் கிடைக்கவே இல்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். முதலில் அணை மட்டம். பிசான நெற்பயிர் மொத்தமும் மண்மூடிப் போனதை வைக்கப்போகிற நேரத்தில்தான் சொன்னார், அதுவும் பக்கத்து வயல்காரர் கதை மாதிரி.

போன சித்திரையில் போய்விட்டார். நெஞ்சுவலி, அரை மணி நேரம்தான். நான் போய்ச் சேர்ந்தபோது கால்வாய் காய்ந்து கிடந்தது. அவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கக் குடத்தோடு போனவர்கள் கால்வாய்ப் படித்துறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பக்கத்துத் தோட்டத்தில் மோட்டாரைப் போட்டுப் பிடித்து வந்தார்கள். கேதத்துக்கு வந்தவர்கள் என்னென்னவோ சொன்னார்கள், ஒன்றும் நினைவில்லை. அந்தக் குழாய்த் தண்ணீர்தான் இன்னும் ஆறவில்லை.

ஜூனில் ஒருநாள் ஆறரைக்கு முழிப்பு வந்து, மாமா நம்பருக்கே அடித்தேன். அத்தைதான் எடுத்தாள்.

"கார் நெல்லுக்குத் தண்ணி தொறந்தாச்சா அத்தை? பாபநாசம் எவ்வளவு?"

"எனக்கென்னட்டி தெரியும்? பேப்பர நிறுத்தியாச்சு. இனி யாரு வாசிக்கா?"