நெட்டிலிங்கத்தை அசோகு என்று சொல்லாமலிருக்க

மதிலோரம் ஊசிபோல ஓங்கி நிற்கும் மரத்தை ‘அசோக மரம்’ என்று சொல்லும் பழக்கம் ஊரெங்கும் உண்டு. அது நெட்டிலிங்கம், சீத்தாப்பழக் குடும்பத்து மரம். சராக்கா அசோகா எனப்படும் உண்மையான அசோகு, புளிக்கும் கொன்றைக்கும் உறவு. அவ்வளவு நெடிதாக வளராமல் கிளை பரப்பி நிழல் கட்டும்.

பூக்கும் காலம் வரை காத்திருக்க வேண்டாம், இலையே போதும். அசோகுக்குக் கூட்டிலை. ஒரு காம்பில் பெரும்பாலும் 4 முதல் 6 இணைச் சிற்றிலைகள் எதிரெதிராக இருக்கும். நுனியில் ஒற்றைச் சிற்றிலை இராது. நெட்டிலிங்கத்துக்குத் தனி இலை. ஆனால் அதன் தொங்கும் சிறுகிளையில் இரு பக்கமும் இலைகள் வரிசையாக நிற்பதால் கிளையே கூட்டிலை போலத் தோன்றும். பலர் தவறுவது இங்கேதான். சந்தேகம் வந்தால் மொட்டைத் தேடுங்கள். இலைக்காம்பு கிளையோடு சேரும் கக்கத்தில் மொட்டு இருக்கும். சிற்றிலை காம்போடு சேரும் இடத்தில் இருக்காது. எந்தக் காம்பின் அடியில் மொட்டு இருக்கிறதோ, அந்தக் காம்பும் அதில் உள்ளவையும் சேர்ந்து ஓர் இலை. ஓரம் நெளிநெளியாக இருப்பதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்; அசோகின் சிற்றிலையும் சில சமயம் லேசாக நெளியும்.

தளிர் இன்னும் எளிய அடையாளம். அசோகின் இளந்தளிர் செம்பு நிறத்தில், வாடியது போலத் துவண்டு தொங்கும். நோய் என்று எண்ணி மருந்து அடிப்பவர்களும் உண்டு. சில நாளில் பச்சையாகி நிமிர்ந்துவிடும்.

பூவில் குழப்புவது வெட்சி, அதாவது இட்லிப்பூ. இரண்டும் கொத்து, இரண்டிலும் நீண்ட குழலும் நான்கு மடல்களும் உண்டு. வெட்சியின் மடல்கள் அல்லி, அதாவது பூவின் உள்ளடுக்கு இதழ்கள். அசோகுக்கோ அல்லியே கிடையாது. நிறம் கொண்டிருப்பது புல்லி, அதாவது பூவின் வெளியடுக்கு. மகரந்தத் தாள்களை எண்ணிப் பாருங்கள். வெட்சியில் நான்கு, குட்டையாக இருக்கும். அசோகில் பெரும்பாலும் ஏழெட்டு, மடலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். கொத்தே மயிரடர்ந்தது போலத் தெரிவது அதனால்தான். மஞ்சளாக மலர்ந்து ஆரஞ்சாகிச் சிவப்பதால் ஒரே கொத்தில் மூன்று நிறமும் கிடைக்கும். நிறத்தை மட்டும் படத்தோடு ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். கொத்து பழைய கிளையிலும், சில மரங்களில் அடிமரத்திலும்கூட, நேராக முளைத்திருக்கும்.

நெட்டிலிங்கப் பூ வெளிறிய பச்சை, ஆறு ஒடுங்கிய இதழ்கள். இலைக்குள் மறைந்துவிடுவதால் பூத்ததே பலருக்குத் தெரியாது. காய்த்தபின் குழப்பமே இல்லை: அசோகில் தட்டையான நெற்று, நெட்டிலிங்கத்தில் வௌவால் தின்னும் முட்டை வடிவப் பழக்கொத்து.