செயலி தரும் பெயரும் வரைபடம் காட்டும் புள்ளியும்

மார்ச் 4, 2025

வேற்றிடத்திலிருந்து வந்து கட்டுக்கடங்காமல் பரவும் ஊடுருவும் செடிகளைக் கண்காணித்துப் பதிந்துவருகிறேன். பாதையோரத்தில் தரையோடு படர்ந்திருந்த ஓர் இளஞ்செடியின் படத்தை, உயிரினங்களைப் படமெடுத்துப் பலரும் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றியபோது, பார்த்தீனியம் என்ற பெயரை முதலிலும் வேறு சில பெயர்களை அதன் கீழும் அது காட்டியது. இந்தப் பட்டியலைத் தீர்ப்பாகக் கொள்வதற்கில்லை. ஏற்கெனவே பெயரிடப்பட்ட ஏராளமான படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட கணினி மாதிரி, புதிய படம் எவற்றை ஒத்திருக்கிறது என்பதையும் அந்த வட்டாரத்தில் எவை காணப்படக்கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்துப் பெயர்களை வரிசைப்படுத்துகிறது, அவ்வளவே. பூக்காத பருவத்தில், பிளவுபட்ட இலைகளைக் கொண்ட பார்த்தீனியமும் அம்புரோசியா என்னும் களைச்செடியும் எளிதில் குழப்பம் தருபவை. இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், பார்த்தீனியத்தின் சிறிய வெண்ணிறப் பூக்கள் தோன்றும்வரை குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே முறை.

மார்ச் 9

நீரில் மிதக்கும் வெங்காயத்தாமரையை அதன் உப்பிய இலைக்காம்பைக் கொண்டே பலரும் அடையாளம் காண்கிறார்கள். ஆனால், செடிகள் நெருக்கியடித்து வளரும் இடங்களில் காம்பு உப்பாமல் நீண்டு உயர்ந்துவிடுகிறது. ஊடுருவல் முற்றிய நீர்நிலைகளில் காணப்படுவது பெரும்பாலும் இந்தத் தோற்றம்தான். எனவே முழுச்செடி, காம்பு, மேலிதழில் மஞ்சள் பொட்டுள்ள பூ என்று தனித்தனியாகப் படமெடுத்து ஒரே பதிவில் சேர்க்க வேண்டும். உண்ணிச்செடியின் இலையைக் கசக்கினால் எழும் நெடியைப் படத்தில் அடைக்க முடியாது என்பதால், அதைக் குறிப்புப் பகுதியில் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 16

ஐநேச்சுரலிஸ்டில் நாள், இடம், படம் ஆகியவற்றோடு, பெயரிட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டோர் ஓர் இனப்பெயரில் உடன்பட்டால்தான் பதிவு ‘ஆய்வுத் தரம்’ பெறுகிறது. உரிய உரிமம் கொண்ட அத்தகைய பதிவுகள் ஜிபிஐஎஃப் என்னும் உலக உயிரினத் தரவுத்தளத்திற்குச் செல்கின்றன. பூந்தொட்டியில் நட்டு வளர்த்த உண்ணிச்செடியை ‘வளர்ப்புச் செடி’ என்று குறிக்காமல் விட்டால், அது தானாகப் பரவிய செடியாகக் கணக்கில் ஏறிவிடும். தொட்டியிலிருந்து வேலி தாண்டிய முதல் செடியைக் கண்டறிவதே இந்தக் கண்காணிப்பின் உயிர்நாடி என்பதால், இந்தச் சிறிய குறியீட்டை நான் பெயரைவிட முக்கியமாகக் கருதுகிறேன்.

மார்ச் 17

ஜார்ஜியா பல்கலைக்கழகம் 2005-இல் தொடங்கிய எட்மேப்ஸ் என்னும் இணைய வரைபடத் தளம், ஊடுருவும் இனங்களைப் பதிவதற்கென்றே அமைந்தது. அங்கே வரும் தகவல்களை வல்லுநர்கள் சரிபார்க்கிறார்கள்.

மார்ச் 30

வரைபடத்தில் புள்ளிகள் சாலைகளையும் பூங்காக்களையும் ஒட்டியே குவிந்திருக்கின்றன. செடி பரவிய வழியைக் காட்டுவதைவிட, திறன்பேசியோடு மனிதர் நடந்த வழியையே அவை அதிகமாகக் காட்டுகின்றன (களை ஆய்வாளர்களுக்கு இது பழைய தலைவலி). புள்ளியில்லாத இடத்தைச் செடியில்லாத இடமாகக் கொண்டு அகற்றும் பணியைத் திட்டமிடுவது ஆபத்தானது. வெங்காயத்தாமரையின் விதைகள் சேற்றில் பல ஆண்டுகள் முளைப்புத்திறனோடு கிடக்கும் என்பதால், அகற்றிய பிறகும் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாக வேண்டும். சென்று தேடியும் செடியைக் காணவில்லை என்பதைப் பதிய ஐநேச்சுரலிஸ்டில் நேரடி வழி இல்லாததால், தேடிய நாளையும் கரையின் எந்தப் பகுதிவரை நடந்தேன் என்பதையும் இனி இந்தக் குறிப்பிலேயே எழுதிவருவேன்.