பட்ஜெட்டில் 273-ஐப் பாருங்கள்

ஆஸ்திரியாவில் பொது நூலகச் சட்டம் கிடையாது. ஊரில் நூலகம் நடத்துவது உள்ளாட்சியின் விருப்பம், கடமையல்ல. பணம் இறுகினால் முதலில் கை வைப்பது நூலகத்தில்தான். அங்குள்ள நூலகர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். அவர்களில் ஒருவர் ஊர் மன்றமான கெமைண்டராட்டில் உறுப்பினரானால் அதன் மதிப்பே வேறு.

நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆண்டிறுதியில் மன்றத்தில் பட்ஜெட் மீது வாக்கெடுப்பு நடக்கும்போது எழுந்து பேசிப் பயனில்லை. செப்டம்பரிலேயே பொருளாளரிடம் கணக்கோடு போய் உட்கார வேண்டும். பட்ஜெட் வரைவு கைக்கு வந்ததும் 273-ஆம் தலைப்பைத் தேடுங்கள்: பொது நூலகங்கள். அதன் கீழே 457, அச்சு நூல்கள். அந்த வரியில் போன ஆண்டின் தொகையே அப்படியே நின்றால், அது வெட்டுதான். விலை ஏறிய அளவுக்குப் புத்தகங்கள் குறையும். பலர் இதைக் கவனிக்காமல் கை தூக்கிவிடுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது.

மன்ற உறுப்பினராக இருந்துகொண்டே உள்ளாட்சியிடம் சம்பளம் வாங்கும் நூலகர் இன்னொன்றிலும் கவனமாக இருக்க வேண்டும். தன் பணி ஒப்பந்தம் விவாதத்துக்கு வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒதுங்காமல் வாக்களித்தால் தீர்மானமே சிக்கலில் மாட்டும். அவர் ஒதுங்கியதை கூட்டக் குறிப்பில் எழுத வைப்பதும் அவசியம்.