40 கிலோமீட்டரும் எண்டூரன்ஸ்தான்

போன வாரம் கீழக்கரையில் காக்காவைப் பார்த்தேன். அண்ணன் முறையில் இருப்பவரை இங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவோம். வளைகுடாவில் ஒரே லாயத்தில் பதினோரு வருஷம் சேர்ந்து குதிரை பார்த்தவர்கள் நாங்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அவர்தான். டீ வந்ததும், "செவலையை வச்சு என்னப்பா பண்ற?" என்று கேட்டார். செவலை என் குதிரை. ஏர்வாடியிலிருந்து வாலிநோக்கம் பக்கம் ரெண்டு சுற்று, மொத்தம் 40 கிலோமீட்டர், எண்டூரன்ஸ் பழக்குகிறேன் என்றேன். குதிரையை நெடுந்தூரம் ஓட்டி, அதன் உடம்பு தாங்குகிறதா என்று பார்க்கிற போட்டிதான் எண்டூரன்ஸ். "நாப்பதா? அதச் சவாரின்னு சொல்லு. எண்டூரன்ஸ்னு சொல்லாத" என்றார்.

அவர் முன்னால் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காக்கா சொல்வதில் நியாயம் உண்டு. 1955ல் கலிஃபோர்னியாவில் வெண்டல் ரோபி என்பவர் சில பேரோடு மலைப்பாதையில் ஒரே நாளில் 100 மைல் ஓட்டிக் காட்டியதிலிருந்துதான் இன்றைய எண்டூரன்ஸ் போட்டியே பிறந்தது. சர்வதேசப் போட்டிகளை நட்சத்திரக் கணக்கில் தரம் பிரிக்கிறார்கள். ஒரு நட்சத்திரம் 100 கிலோமீட்டரில் தொடங்குகிறது, மூன்று நட்சத்திரம் 160 வரை போகிறது. அதற்குக் கீழே ஓடுவதெல்லாம் அங்கே தகுதி ஓட்டம். 1972ல் தொடங்கிய அமெரிக்க எண்டூரன்ஸ் சங்கமும் 50 மைலுக்குக் குறைந்தால் எண்டூரன்ஸ் என்று எழுதாது. 25 முதல் 35 மைல் வரைக்கும் 'வரம்புத் தூரம்' என்று தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறது.

தூரம் கூடக்கூட வேறு சோதனை வருகிறது என்பதும் உண்மை. குதிரையின் வேர்வை நம்முடையதைவிட உப்பு அதிகம். மணிக்கணக்கில் வேர்த்துக்கொண்டே ஓடினால் தண்ணீரோடு உப்பும் போய்விடும். அதனால் தாகமே எடுக்காமல் போகும். உடம்பு வற்றிக் கிடக்கும், வாளியை மூக்கடியில் வைத்தாலும் வாய் வைக்காது. மூன்றாவது சுற்றில் இப்படி நின்ற குதிரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். 40 கிலோமீட்டரில் அவ்வளவு தூரம் போகாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே அமெரிக்கச் சங்கத்தின் விதி ஒன்று இருக்கிறது. 50 மைலும் அதற்கு மேலும் உள்ள ஓட்டத்தில், கோட்டைத் தாண்டிய நேரம்தான் முடித்த நேரம். அதன் பிறகு அரை மணிக்குள் குதிரையின் நாடி நிமிஷத்துக்கு 64க்கு இறங்கினால் போதும். குறைந்த தூரத்தில் அப்படி இல்லை. நாடி 60க்கு வந்த நொடியில்தான் கடிகாரம் நிற்கும். பத்து நிமிஷம் முன்னால் கோட்டைத் தாண்டி, குதிரையை இரைக்க இரைக்க நிறுத்தினால், பின்னால் நிதானமாக வந்தவன் ஜெயித்துவிடுவான். இதைப் படித்தபோது எனக்கு அந்த வெள்ளைக் குதிரை ஞாபகம் வந்தது.

120 கிலோமீட்டர் ஓட்டம். கடைசிச் சுற்றில் ஓட்டியவர் அதை விரட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் காரில் இருந்தவர்கள் கத்திக்கொண்டே வந்தார்கள். கோட்டைத் தாண்டி வந்ததும் நானும் காக்காவும் ஐஸ் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினோம். நாடி 80க்குக் கீழே இறங்கவே இல்லை. டாக்டர் தேறாது என்று தலையை ஆட்டிவிட்டார். நடத்திக் கூட்டிப்போனபோது முன்னங்கால் நொண்டியது. மறு வாரம் அதன் கட்டுத்தறி காலி. எங்கே போனது என்று கேட்கிற இடத்தில் நாங்கள் இல்லை. 120 கிலோமீட்டர் ஓடினாலும் அதை எண்டூரன்ஸ் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செவலையை அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கினேன். கத்தியவார் ரத்தம், ரெண்டு காதும் உள்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும். போன மாசியில் ஒரு ஞாயிறு விடியலில் கிளம்பினோம். கரையோரம் ஈரமணல் இறுகியிருக்கிற இடத்தில் டிராட் என்கிற மெதுவோட்டம், காய்ந்த மணலில் நடை. ஆழமான மணலில் ஓடவிட்டால் காலின் தசைநார் போய்விடும். முதல் சுற்று முடிந்து பனைமரத்தடியில் சேணத்தை இறக்கினேன். தொடை இடுக்கில் வேர்வை சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகத் திரண்டிருந்தது. கீழ்த்தாடை எலும்பின் உள்பக்கம் விரலை வைத்தால் ஒரு குழாய் உருளும். அதை எலும்போடு மெதுவாக அழுத்தி 15 நொடி எண்ணினேன். 18. நாலால் பெருக்கினால் 72.

மாசிதான், வெயில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் நம் கரைக் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது, குதிரைக்குச் சூடு இறங்காது. தண்ணீர் ஊற்றி, வழித்துவிட்டு, திரும்ப ஊற்றினேன். ஆறாவது நிமிஷம் 64. பதினோராவது நிமிஷம் 56. தோள்பட்டைத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிந்தது, உடம்பு வற்றவில்லை. ஈறை அழுத்திவிட்டால் சட்டென்று சிவந்தது, ரத்த ஓட்டமும் சரி. அப்பா ராமநாதபுரம் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டியவர். அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. காதடியைத் தொட்டுப் பார்ப்பார், கொதித்தால் வண்டியை அவிழ்த்துவிடுவார், காசு போனாலும் சரி. அன்று நானும் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

இந்தக் கடலோரத்தில் அரபுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கிய காலம் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, அங்கே ராஜாக்கள் வாங்கிய குதிரைகளைப் பார்த்துக்கொள்ளத் தெரியாமல் வருஷா வருஷம் சாகவிட்டதை எழுதிவைத்திருக்கிறார். படித்தபோது நெஞ்சு வலித்தது.

ரெண்டாவது சுற்றில், உப்பளத்தைத் தாண்டி 11 கிலோமீட்டர் போயிருப்போம், செவலையின் நடை மாறியது. இடது முன்னங்காலை ஊன்றும்போது தலை மேலே போனது. இறங்கிக் குளம்பைத் தூக்கினால், அடியில் மெத்தென்ற இடத்தில் சீமைக்கருவேல முள், பாதி உள்ளே. பிடுங்கியதும் ஒரு சொட்டு ரத்தம். மறுபடி நடக்கவிட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் நடந்தது. ஏறியிருக்கலாம். ஏறவில்லை. லகானைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். அன்றைய கணக்கு 31 கிலோமீட்டர். என் நோட்டில் 'முடிக்கவில்லை' என்றுதான் எழுதினேன். முடித்தாலே வெற்றி என்பது அந்த அமெரிக்கச் சங்கத்தின் வாசகம். குதிரை நல்லபடியாக இருந்து முடித்தால்தான் அங்கே முடித்ததாகக் கணக்கு.

நம்மூர் மாட்டு வண்டிப் பந்தயத்தையே பாருங்கள். பெரிய மாட்டுக்கு ஒரு தூரம், சின்ன மாட்டுக்கு அதைவிடக் குறைவு, பூஞ்சிட்டுக்கு இன்னும் குறைவு. பூஞ்சிட்டில் கொடி வாங்கியவனைப் பார்த்து, நீ ஓட்டியது பந்தயமே இல்லை என்று எந்த ஊரிலும் யாரும் சொன்னதில்லை. பிரிவை மட்டும் சேர்த்துச் சொல்லுவோம், அவ்வளவுதான். அதேபோல 40ஐ 40 என்றே சொல்லட்டும். 160 ஓடிய குதிரையின் பக்கத்தில் செவலையை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. எண்டூரன்ஸ் என்ற பேரை மட்டும் பிடுங்காதீர்கள் என்கிறேன்.

காக்கா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். செவலையின் குளம்பு ஆறிவிட்டது. வருகிற ஞாயிறு காலை 5 மணிக்கு ஏர்வாடியில் கிளம்புகிறோம். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள். நாடியை நீங்கள்தான் எண்ண வேண்டும். 60க்கு வந்ததும் கடிகாரத்தை நிறுத்துங்கள்.