வேலைக்குப் போகிறவருக்கு மருத்துவக் கஞ்சா: அளவுக்கு முன் நேரம்

நாள்பட்ட வலியோடு வேலைக்குப் போகிறவருக்குக் கஞ்சா மருந்து எழுதும்போது, எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் எந்த நேரத்தில் என்று முடிவு செய்ய வேண்டும். கஞ்சாவில் உள்ள முக்கிய வேதிப்பொருள்கள் இரண்டு: டி.எச்.சி., சி.பி.டி. வலியைத் தணிப்பது பெரும்பாலும் டி.எச்.சி. கவனத்தையும் கை நிதானத்தையும் குலைப்பதும் அதுவே. சி.பி.டி. போதை தராது, ஆனால் அது மட்டுமே வலியைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் போதாது.

ஆவியாக இழுத்தால் சில நிமிடங்களில் ஏறி, பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரத்தில் இறங்கிவிடும். எண்ணெயாக விழுங்கினால் தெரிய ஆரம்பிக்கவே 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் ஆகும். 8 மணி நேரமோ அதற்கு மேலோ நிற்கும். கல்லீரல் டி.எச்.சி.யை 11-ஹைட்ராக்ஸி டி.எச்.சி.யாக மாற்றுகிறது, அதுவும் போதை தரக்கூடியதுதான். ஒரு மணி நேரத்தில் எதுவும் தெரியவில்லையே என்று இன்னொரு முறை விழுங்குவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டும் சேர்ந்து ஏறும்போது படபடப்பு, தலைச்சுற்றல், பயம் எல்லாம் வரும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் உடலில் சேரும் அளவு கூடும். அதனால் சாப்பிட்டு எடுப்பதோ வெறும் வயிற்றில் எடுப்பதோ, தினமும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

2021-இல் வந்த நிபுணர் குழு பரிந்துரையில் வழக்கமான முறை இது: முதலில் சி.பி.டி. 5 மி.கி. காலையும் இரவும், நாளுக்கு 40 மி.கி. வரை ஏற்றியும் பலன் போதாவிட்டால் டி.எச்.சி. 2.5 மி.கி. சேர்ப்பது. அதை 2 முதல் 7 நாளுக்கு ஒருமுறை 2.5 மி.கி. கூட்டலாம், உச்ச வரம்பு நாளுக்கு 40 மி.கி. வயதானவர்களுக்கு 1 மி.கி.யில் தொடங்கலாம். டி.எச்.சி.யின் முதல் வேளை மறுநாள் விடுமுறையாக உள்ள இரவில் இருக்கட்டும். மில்லிக்கு 10 மி.கி. உள்ள எண்ணெயில் 2.5 மி.கி. என்பது கால் மில்லி. சொட்டு எண்ணாதீர்கள், சொட்டின் அளவு டிராப்பருக்கு டிராப்பர் மாறும். கோடு போட்ட சிரிஞ்சில் எடுங்கள்.

காலை ஷிஃப்ட் என்றால் முந்தின நாள் இரவு சீக்கிரமே எடுத்துவிட வேண்டும். எழும்போது தலை கனத்தால் நேரத்தை இன்னும் முன்னால் தள்ளுங்கள், இல்லையேல் அளவைக் குறையுங்கள். விழுங்கிய பின் குறைந்தது 8 மணி நேரம் வண்டியோ இயந்திரமோ தொடக்கூடாது. மந்தம் இருந்தால் அதற்குப் பிறகும் கூடாது. உயரத்தில் ஏறுகிறவர்கள், கனரக வண்டி ஓட்டுகிறவர்கள், கிரேன் இயக்குகிறவர்களுக்கு வேறு வழிதான் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிறுநீர்ப் பரிசோதனை தனிச் சிக்கல். டி.எச்.சி. உடல் கொழுப்பில் தங்கி, அதன் கழிவு மெல்ல வெளியேறும். தொடர்ந்து எடுப்பவரிடம் வாரக்கணக்கில் காட்டும். அந்த நேரத்தில் அவர் போதையில் இருக்கிறாரா என்பதை அது சொல்லாது. சி.பி.டி. மட்டும் என்று எழுதிய பாட்டிலிலும் சிறிதளவு டி.எச்.சி. இருக்கக்கூடும். சட்டமும் பணியிட விதியும் இடத்துக்கு இடம் வேறுபடும். எனவே மருந்து தொடங்குமுன் அவற்றைப் பார்த்து, மருத்துவர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நரம்பு வலிக்காரர்கள் பலர் ஏற்கெனவே பிரீகாபலினோ காபாபென்டினோ எடுப்பார்கள், அதோடு சேர்ந்தால் தூக்கக் கலக்கம் கூடும். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்தோடும் அப்படியே. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐ.என்.ஆர். என்னும் உறைதல் பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும். மனச்சிதைவு வரலாறு, கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கும் காலம், கட்டுக்குள் வராத இதயநோய் என்றால் வேண்டவே வேண்டாம்.

பலனை வலி மதிப்பெண்ணால் மட்டும் அளக்காதீர்கள். எத்தனை மணி நேரம் நிற்க முடிகிறது, எத்தனை நாள் விடுப்பு குறைந்தது, தூக்கம் எப்படி என்று குறித்து வையுங்கள். சரியான அளவுக்கு வந்து சில வாரங்கள் ஆகியும் வலி 30 சதவீதமாவது குறையாமல், வேலைத்திறனும் கூடாமல் இருந்தால் நிறுத்துவதே நல்லது. அதையும் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். சட்டென்று விட்டால் தூக்கமின்மையும் எரிச்சலும் ஓரிரு வாரம் இருக்கும். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று எண்ணிச் சிலர் மறுபடி தொடங்கிவிடுகிறார்கள்.