ஒரு குப்பி, ஒரு வேட்டு

"கவனமாக வேலை செய்யவும்" என்ற போர்டு எங்கள் தொழிலில் எல்லா இடத்திலும் தொங்கும். கரூர், நாமக்கல், திருப்பூர் பக்கத்து ஜல்லிக் குவாரிகளில் பாறைக்கு மருந்து வைக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்துவிட்டு, இப்போது அதே வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். அந்தப் போர்டின் மேல் எனக்கு இருந்த மதிப்பு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. காலை எட்டு மணிக்கு எல்லோருக்கும் கவனம் இருக்கும். சித்திரை வெயிலில் பாறை மேல் நாலு மணி நேரம் நின்ற பிறகு அது எங்கே போகும் என்று அங்கே நின்றவர்களைக் கேட்டால் தெரியும். கவனம் போன பிறகும் ஆளைக் காப்பாற்றுகிற விதி எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வியாக இருந்தது. அதற்கு நல்ல பதில் கிடைத்த இடம், கரி கலந்த பழைய கால வெடிமருந்தான கரிமருந்தைப் போட்டுச் சுடும் கைத்துப்பாக்கிப் போட்டிகளின் விதிமுறை.

என் அக்கா மகன் ஜெர்மனியில் வேலையாக இருக்கிறான். அங்கே ஒரு துப்பாக்கி மன்றத்தில் சேர்ந்து, பழைய கால முறையில் வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் கைத்துப்பாக்கியைப் பழக ஆரம்பித்தான். ஒருநாள் போனில், "மாமா, இது உங்க தொழில்தானுங்க. தனிப் படிப்பு படிச்சு, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்குனாத்தான் மருந்து டப்பாவைக் கையில தர்றாங்க" என்றான். அந்த நாட்டு வெடிபொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. போட்டி விதிகளை அனுப்பச் சொல்லி வாங்கிப் படித்தேன். அப்புறம் அவனைப் பார்க்கப் போயிருந்தபோது ஒரு போட்டியை முழுநாளும் பின்னால் நின்று பார்த்தேன்.

நம் பக்கம் மலையோரத்துக்காரர்களுக்கு நாட்டுத் துப்பாக்கி என்றால் தெரியும். அதே இனம்தான் இதுவும். தோட்டா கிடையாது. குழலின் வாயில் மருந்தைப் போட்டு, அதன் மேல் ஈயக் குண்டை வைத்து, கோலால் அடிவரை தள்ளிக் கெட்டிக்க வேண்டும். பின்பக்க முனையில் சின்னச் செம்புக் கேப்பு. சுத்தியல் அதன் மேல் விழுந்தால் பொறி உள்ளே போகும். மருந்து வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற பழைய கலவை. 1884-இல் பிரான்சில் பால் வியெய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடிக்கும்வரை உலகத்துத் துப்பாக்கிகளுக்கெல்லாம் இதுதான் தீனி. ஓடாநிலையிலும் அரச்சலூரிலும் தீரன் சின்னமலை கும்பினிப் படையோடு மோதியபோது இரண்டு பக்கமும் நிறைந்தது இந்தக் கரிமருந்துப் புகைதான்.

இந்தப் போட்டிகளுக்கு எம்.எல்.ஏ.ஐ.சி. என்றொரு பன்னாட்டு அமைப்பு உண்டு, 1971-இல் தொடங்கியது. பிரிவுகளுக்குப் பழைய துப்பாக்கிக் கம்மாளர்களின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒற்றை வேட்டுக் கேப்புத் துப்பாக்கிக்கு ஜெர்மனியின் குச்சென்ராய்ட்டர், சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு இத்தாலியின் கொமினாட்சோ, சுழல் துப்பாக்கிக்கு பெல்ஜியத்தின் மரியெட். ஜப்பான்காரர்களின் திரித் துப்பாக்கிக்குத் தன்சுட்சு என்று ஒரு பிரிவு. தூரம் 25 மீட்டர். 30 நிமிடத்தில் 13 வேட்டு சுடலாம், அதில் சிறந்த 10 மட்டும் கணக்கு. இந்தக் கணக்கை முதலில் படித்தபோது ஆட்டத்துக்கான ஏற்பாடு என்றே எடுத்துக்கொண்டேன். நேரில் பார்த்தபோதுதான் அதில் இருக்கும் பாதுகாப்பு கண்ணில் பட்டது. ஒரு வேட்டுக்கு இரண்டு நிமிடத்துக்கும் மேல் கிடைக்கிறது. கெட்டுப்போன மூன்று வேட்டைத் தள்ளிவிடலாம். அவசரப்பட யாருக்கும் காரணமே இல்லை. எங்கள் தொழிலில் லாரி வந்து வரிசையில் நிற்கும். அதனால் வருகிற அவசரத்தால் போன விரல்களை நான் பார்த்திருக்கிறேன். நேரத்தைத் தாராளமாகக் கொடுப்பதும் பாதுகாப்பு விதிதான் என்று இப்போது வகுப்பில் முதலாவதாகச் சொல்கிறேன்.

இனி குப்பிக்கு வருகிறேன். சுடும் கோட்டுக்கு மருந்து டப்பாவோ மருந்துக்கொம்போ வரக்கூடாது. ஒவ்வொரு வேட்டுக்கும் உரிய மருந்தை வேறு இடத்தில் முன்கூட்டியே அளந்து, ஒரு குப்பிக்கு ஒரு வேட்டு என்று அடைத்து மூடி எடுத்து வர வேண்டும். எந்தத் துப்பாக்கியானாலும், எவ்வளவு பழகியவரானாலும் இதில் விலக்கில்லை.

காரணம் இது. கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் சாம்பலும் கசடுமாகத் தங்கிவிடும். குண்டோடு துணித்துண்டு வைத்துச் சுட்டிருந்தால் அதன் நூல் ஒன்று குழலுக்குள் கனன்றுகொண்டிருக்கலாம், வெளியே எதுவும் தெரியாது. அந்தக் குழலுக்குள் அடுத்த வேட்டுக்கு மருந்தைக் கொட்டும்போது அது பற்றினால், குப்பியில் இருக்கும் சில கிராம்தான் எரியும். கை சுடும், மீசை கருகும், ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். அரைக் கிலோ டப்பாவிலிருந்து நேராகக் கொட்டினால் தீ டப்பாவுக்கு ஏறும். அப்போது கையில் இருப்பது வெடிகுண்டு.

இந்த விதி, கனல் இருக்கிறதா என்று பார் என்று ஆளிடம் சொல்லவில்லை. கனல் இருந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு, அது எவ்வளவு மருந்தைத் தொட முடியும் என்பதை மட்டும் சுருக்கிவிட்டது. நான் தேடிக்கொண்டிருந்தது இந்த மாதிரி விதியைத்தான்.

குப்பிக்கு இன்னொரு உபயோகமும் இருக்கிறது, அது எனக்கு இன்னும் பிடிக்கும். பேச்சுக் கொடுத்ததால் சுடுகிறவர் தடுமாறி, மருந்து போட்டோமா இல்லையா என்று மறந்துவிடலாம். ஒரே குழலில் இரண்டு தடவை மருந்து போனால் அழுத்தம் ஏறிவிடும். மருந்தே இல்லாமல் குண்டை மட்டும் தள்ளிவிட்டால் அதைத் திருகி இழுத்து எடுக்கும் வேலை. இதையெல்லாம்விட ஆபத்து, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுக் கெட்டித்துவிட்டுச் சுடுவது. குழல் உப்பும், வெடிக்கவும் செய்யும். வரிசையில் காலிக் குப்பி எத்தனை என்று எண்ணினால் மருந்துக் கணக்கு வந்துவிடும். கோலில் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறார்கள். குண்டு சரியாக உட்கார்ந்தால் அந்தக் கோடு குழல் வாய்க்கு நேராக நிற்கும். ஆக ஞாபகம் பிசகினாலும் குப்பியும் கோடும் சாட்சி சொல்லும்.

கேப்பு விஷயத்திலும் இதே புத்திதான். குழல் இலக்கைப் பார்த்து இருக்கும்போது, சுடும் கோட்டில், சுடுவதற்குச் சற்று முன்புதான் கேப்பு மாட்டலாம். கெட்டித்த துப்பாக்கி கேப்பு இல்லாமல் இருக்கும்வரை சுத்தியல் விழுந்தாலும் பொறி கிடையாது. திரித் துப்பாக்கி என்றால் எரியும் திரியைப் பிடியிலிருந்து கழற்றி ஒதுக்கி வைத்த பிறகுதான் மருந்துக் குப்பியைத் தொடலாம். சுழல் துப்பாக்கியில் ஒரு அறை வெடிக்கும்போது பக்கத்து அறைகளும் சேர்ந்து பற்றிக்கொள்கிற ஆபத்து உண்டு. அதனால் குண்டின் மேல் கிரீஸ் பூசுகிறார்கள் அல்லது குண்டுக்கு அடியில் எண்ணெய் ஊறிய தக்கை வைக்கிறார்கள். கேப்பும் தளர்வாக இருக்கக்கூடாது.

புகையில்லா மருந்து இந்தத் துப்பாக்கிகளில் அறவே கூடாது. அதே அளவு போட்டால் அழுத்தம் பல மடங்கு ஏறிக் குழல் கிழிந்துவிடும். பார்வைக்குக் கறுப்பாக இருப்பதால் மட்டும் கரிமருந்து என்று நம்ப முடியாது. கம்பெனி டப்பாவின் லேபிளைப் பார்த்தே அளக்கிறார்கள். கண்ணாடி, காது மூடி, பீடி சிகரெட் தடை இவையெல்லாம் எங்கேயும் உள்ளவைதான். சக்கிமுக்கித் துப்பாக்கிக்காரருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவே பொறி மறைப்பு வைத்திருந்தது மட்டும் எனக்குப் புதிது.

நான் பார்த்த அன்று ஒருவருக்குச் சுத்தியல் விழுந்தது, கேப்பு வெடித்தது, துப்பாக்கி சுடவில்லை. அவர் அசையவில்லை. கையை நீட்டியபடி, குழலை இலக்கை விட்டு விலக்காமல், நின்றுகொண்டே இருந்தார். கேப்பின் பொறி உள்ளே போய் மெதுவாகப் பற்றி, தாமதமாக வெடிப்பது உண்டு. மன்றத்துக்கு மன்றம் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று காத்திருக்கச் சொல்கிறார்கள். அது தாண்டிய பிறகுதான் அடுத்த கையை உயர்த்தி அதிகாரியைக் கூப்பிட்டார். அதிகாரி பக்கத்தில் நின்று பார்க்கப் புதுக் கேப்பு மாட்டிச் சுட்டார், இந்தத் தடவை வெடித்தது.

எங்கள் தொழிலில் திரி வைத்த குழி வெடிக்காவிட்டால் அரை மணி நேரம் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. அந்தக் குழியைத் தோண்டி எடுக்கவும் கூடாது. குறைந்தது 30 செ.மீ. தள்ளிப் புதுக் குழி போட்டுத்தான் அதைத் தீர்க்க வேண்டும். இது குவாரியில் வேலையை மேற்பார்க்கிற எல்லா மேட்டுக்கும் தெரியும். ஆனால் பத்து நிமிடத்தில், "என்னன்னு ஒரு பார்வை பாத்துட்டு வந்தர்றேனுங்க" என்று கிளம்புகிற ஆளை எல்லாக் குவாரியிலும் பார்க்கலாம். காத்திருப்பது கோழைத்தனம் என்ற எண்ணம் நம் பக்கத்தில் ஆழமாக இருக்கிறது. அங்கே அத்தனை பேர் முன்னால் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பதை யாரும் கேலி செய்யவில்லை, முடியும்வரை கூடவே காத்திருந்தார்கள். வகுப்பில் நான் அதிக நேரம் பேசுவது இதைப் பற்றித்தான்.

பெருந்துறை பக்கம் ஒரு வகுப்பில் கிணற்று வேலையிலேயே தலை நரைத்த ஒரு பெரியவர் எழுந்தார். ஜம்பர் பிடித்துக் கையால் குழி போட்ட காலத்திலிருந்து மருந்து வைத்தவர். "ஏனுங்க, விளையாட்டுக்குச் சுடறவங்களுக்கு நேரம் இருக்குது, அளந்து அளந்து போடுவாங்க. எங்களுக்குக் கைதானுங்க அளவு. தப்புனதே இல்லீங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கைகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கொங்கு நாட்டின் கரும்பாறையில் தண்ணீர் காட்டியவை அவை. "ஐயா, உங்க கை தப்பாதுங்க. உங்களுக்குப் பின்னால வர்ற பையன் கை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவனுக மருந்தைக் கண்டாலே பறக்கறானுங்க. அவனுகளுக்கு நீங்க சொல்றதுதானுங்க சரி" என்றார். தனக்கும் சரி என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, அவரை வைத்தே பையன்களுக்கு அளக்கும் முறையைச் சொல்லித்தரச் செய்தேன்.

குவாரியில் இப்போது கரிமருந்து அநேகமாகப் போய்விட்டது, ஸ்லரி, எமல்ஷன் என்கிற புதுவகை வெடிமருந்துகள்தான். இருந்தாலும் குப்பி விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். என் வகுப்புக்கு வந்த சில குவாரிகளில், குழிக்கு இத்தனை தோட்டா (உறையில் அடைத்த வெடிமருந்து) என்று முதலிலேயே எண்ணி, குழிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். பெட்டியிலிருந்து நேராகக் குழிக்குள் போடுவதில்லை. கெட்டித்து முடித்த பிறகு ஒரு குழியோரம் தோட்டா மிச்சம் இருந்தால், எந்தக் குழியில் பிசகு என்று அங்கேயே தெரிந்துவிடும். டெட்டனேட்டர் வேறு பெட்டி, வேறு ஆள். கெட்டிக்கும் கோல் மரம்தான். இரும்பு கூடாது.

எனக்கு இப்போது மனசில் இருப்பது குவாரி இல்லை, கோயில் வேட்டு. மாசி, பங்குனி நோம்பி சமயத்தில் இரும்புக் குழாய்களை வரிசையாக நட்டு, கரிமருந்து கெட்டித்து வேட்டுப் போடுகிறார்கள். சட்டப்படி அதற்கும் லைசென்ஸ் வேண்டும். வேட்டுக்காரர்கள் பலரும் பரம்பரையாகச் செய்கிறவர்கள், தொழில் தெரிந்தவர்கள். ஆனால் சாமி புறப்படும் நேரத்தில், இப்போதுதான் வெடித்துச் சூடாக இருக்கும் குழாயில், மடியில் இருக்கும் மருந்துச் சாக்கிலிருந்தே அள்ளி அள்ளிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் குழந்தைகள். போட்டி விதி எதைத் தடுக்கப் பிறந்ததோ அதே காட்சி.

எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியிடம் இதைப் பேசினேன். வேட்டுச் சத்தம் குறையுமா என்றுதான் முதலில் கேட்டார்கள். மருந்தின் அளவு மாறாது, அதனால் சத்தமும் குறையாது என்று வேட்டுக்காரரே சொன்ன பிறகு சம்மதித்தார்கள். அடுத்த நோம்பிக்கு ஒரு வேட்டுக்கு ஒரு காகிதப் பொட்டலம் என்று முதல் நாள் பகலிலேயே மடித்துவிடுவதாக ஏற்பாடு. மடிக்கும் இடம் ஊருக்கு வெளியே, லைசென்ஸ் உள்ள கொட்டகையில். பொட்டலங்கள் மூடியுள்ள மரப்பெட்டியில் வரும், பெட்டியை ஒரு ஆள் தள்ளி நின்று வைத்துக்கொள்வார், கேட்டால் ஒன்று மட்டும் எடுத்துக் கொடுப்பார். வெடித்த குழாயை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, உள்பக்கம் காயும்வரை அடுத்த குழாய்க்குப் போவது என்றும் பேசியிருக்கிறோம். அதற்கு இன்னும் நாலைந்து குழாய் கூடுதலாக வேண்டும் என்று வேட்டுக்காரர் கேட்டிருக்கிறார். அந்தச் செலவை யார் ஏற்பது என்று வருகிற அமாவாசைக் கூட்டத்தில் முடிவாகும்.